எக்ஸ்பிக்குக் கேதம் சொல்லவில்லை

விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8ஆம் திகதி காலமாகிவிட்டதாக வெளியுலகம் சொல்கிறது. பிறந்தது 2001 ஒக்டோபர் 25. பன்னிரண்டு வயது முடிந்து சில மாதங்கள்தான். அன்றோடு மைக்ரோசொப்ட் அதற்குச் செய்துவந்த பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. ஆனால் எங்கள் தோட்டத்துக்குக் கேதம் சொல்லி யாரும் ஆள் அனுப்பவில்லை. அதனால் எட்டியாந்தோட்டைக்கு மேலே, றப்பர் மலைக்கு நடுவில், எங்கள் வாசிகசாலையில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் கொஞ்சம் முனகிவிட்டு, நீல வானத்தையும் பச்சைப் புல் குன்றையும் காட்டிக்கொண்டு எழுந்து உட்காரும்.

அந்தக் குன்றை முதன்முதலாகப் பார்த்த எங்கள் பழைய கங்காணி, "நல்ல மலையா இருக்கு. ஒரு செடிகூட வைக்காம சும்மா போட்டு வச்சிருக்கானே அந்த தொரை" என்று வருத்தப்பட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் விசயம் தெரிந்தது. சார்ள்ஸ் ஓரியர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா பக்கம் காரில் போகும்போது எடுத்த படம் அது. அந்தப் பகுதி முழுக்கத் திராட்சைத் தோட்டம். வேரைத் தின்னும் பூச்சி விழுந்து, செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்ததால் அன்றைக்கு அந்தக் குன்று வெறும் புல்லாகக் கிடந்தது. கோடிக்கணக்கான பேர் அந்தப் படத்தைப் பார்த்து அமைதி, சாந்தம் என்று மயங்கிக் கிடக்க, செடி இல்லாத மலை என்று சரியாகச் சொன்னவர் எங்கள் கங்காணி. இலைநோய் கோப்பியைத் தின்ற பிறகு தேயிலைக்கும் றப்பருக்கும் மாறிய சனங்களின் பேரப்பிள்ளை அல்லவா.

புதுக் கணினி வாங்கலாமே என்று கேட்பவர்கள் கொழும்பில் இருப்பார்கள். ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபாய் சம்பளம் வேண்டும் என்று வருசக்கணக்கில் கத்தி, 2021இல்தான் அதை வர்த்தமானியில் கண்டோம். அடுத்த வருசமே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் ஏறி அந்த ஆயிரத்தை விழுங்கிவிட்டது. கணினிக் கடைக்காரர்கள் விலையைச் சொல்லுமுன் நம்மை உட்காரச் சொன்ன காலம் அது. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் புதுக் கணினியும் பழைய கணினியும் ஒன்றுதான். சரி, பழைய பெட்டியிலேயே புது விண்டோஸைப் போடலாம் என்றால் விண்டோஸ் 10 ஆகக் குறைந்தது 1 ஜீபி நினைவகம் கேட்கிறது. எங்களிடம் இருப்பது அதில் பாதி.

ஆக, எக்ஸ்பியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். சண்டை சச்சரவு இல்லை. சித்திரை மாதத்து இடி வந்துதான் கெடுத்தது.

சப்ரகமுவை மாகாணத்தில் இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட மாதங்களில், மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும், மத்தியானம் சாய்ந்தால் இடி இறங்கும். கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் 'அம்மா' சொல்லப் பழகிய கையோடு 'பிளக்கக் கழட்டு' என்பதையும் பழகிக்கொள்வார்கள். அன்றைக்கும் பிளக்கைக் கழற்றியாகிவிட்டது. ஆனால் கோயில் அம்பிளிபயரிலிருந்து கணினியின் முதுகுக்கு வரும் வயரை யாரும் நினைக்கவில்லை. காலையில் மாரியம்மன் பாட்டுப் போடுவதற்காகப் பூசாரி இழுத்துவைத்த வயர். மின்னல் அந்த வழியாக வந்து, ஒலிச் சில்லை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. மற்றதெல்லாம் பழுதில்லை. கண் தெரிகிறது, கை வேலை செய்கிறது, வாய் மட்டும் இல்லை.

வாய் இல்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாத ஒரு காரணம் இருந்தது. எங்கள் லயத்தில் ஒரு அம்மாயி இருக்கிறார். பால்வெட்டுக்குப் போகும்போது பாடியது, நாற்று மேடையில் பாடியது, பிள்ளைக்காம்பராவில் பாடியது, செத்த வீட்டில் பாடியது என்று அவரிடம் ஏகப்பட்ட பாட்டு இருக்கிறது. சி.வி.வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கிவிட்டுப் போனார். சொல் காப்பாற்றப்பட்டது. மெட்டை எந்த எழுத்தில் எழுதிவைப்பது? பதிவு செய்தே ஆகவேண்டும். கைபேசியில் பதியலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் உள்ள ஒரே நல்ல கைபேசி என் மகனுடைய கையில் ஒட்டுப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதோடு, பதிந்ததை வெட்டி ஒட்டிச் சீடியில் போட, மீண்டும் அந்தக் கணினிக்குத்தான் வரவேண்டும்.

கொழும்பில் கணினிக் கடையொன்றில் வேலை செய்யும் என் அக்கா மகன் திருவிழாவுக்கு வந்தான். கையில் பளபளவென்று ஒரு பெட்டி. "மாமா, இது யூஎஸ்பி சவுண்ட் கார்ட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். ஸ்டூடியோவுக்கே போதும்" என்றான். வாசிகசாலையில் கூட்டம் கூடிவிட்டது. செருகினான். திரையின் மூலையில் மஞ்சள் பலூன் ஒன்று எழும்பி, புதிய வன்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது என்று மகிழ்ச்சி தெரிவித்தது. சற்று நேரத்தில் அந்த மகிழ்ச்சி அடங்கி, சாதனங்களின் பட்டியலில் மஞ்சள் வட்டத்தில் ஒரு ஆச்சரியக்குறி வந்து உட்கார்ந்தது. திறந்து பார்த்தால், இந்தச் சாதனம் தொடங்க முடியாது, குறியீடு 10. எடுத்துச் செருகினான். அதே 10. கணினியை அணைத்துப் போட்டுச் செருகினான். நீலத் திரை வந்து நின்றது. தோட்டத் தலைவர், "படம் முடிஞ்சா?" என்று கேட்டார்.

பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆறுதலாக ஒரு கதை சொன்னேன். 1998 ஏப்ரல் 20ஆம் திகதி சிக்காகோவில் கொம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ் நிற்கிறார். விண்டோஸ் 98இல் யூஎஸ்பி சாதனத்தைச் செருகினால் எவ்வளவு இலகுவாக வேலை செய்கிறது பாருங்கள் என்று கிறிஸ் கப்போசெலா என்ற அவருடைய ஆள் ஒரு ஸ்கேனரைச் செருகுகிறார். அத்தனை பேருக்கு முன்னால் நீலத் திரை. இதனால்தான் இன்னும் வெளியிடவில்லை என்று கேட்ஸ் சமாளித்தார். கப்போசெலாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பிறகு பெரிய பதவிக்கே போனார். கதையைக் கேட்டு மருமகனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் தலைவர், "அப்ப அன்னையிலிருந்தே இது இப்பிடித்தானா?" என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்தார்.

குற்றம் பெட்டியிலும் இல்லை, கணினியிலும் இல்லை. அஜய் பட் என்ற பரோடாக்காரர் இன்டெலில் இருந்துகொண்டு, எந்தப் பொருளையும் எந்தக் கணினியிலும் செருகலாம் என்ற யூஎஸ்பி யோசனைக்கு முன்னின்றவர். 1996இல் அது வெளிவந்தது. செருகலாம் என்பது சரி. செருகிய பிறகு இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமே. ஒலிச் சாதனங்கள் பேசுவதற்கு 1998இல் ஒரு பொது ஒப்பந்தம் எழுதினார்கள். அதற்குக் கட்டுப்பட்ட கருவிக்குத் தனியாக ட்ரைவர் வேண்டாம். எக்ஸ்பிக்குள்ளேயே இருக்கும் யூஎஸ்பிஆடியோ.சிஸ் என்ற கோப்பு பார்த்துக்கொள்ளும். 2006இல் இரண்டாம் ஒப்பந்தம் வந்தது. ஒலி நயம் அதிகம், வேகம் அதிகம். அதை விண்டோஸ் தன் சொந்தக் கையால் ஏற்றுக்கொண்டது 2017இல், அதுவும் பத்தாம் பதிப்பில். எக்ஸ்பி அதற்கு மூன்று வருசம் முன்பே மண்டையைப் போட்டாகிவிட்டது. மருமகனின் பெட்டி இரண்டாம் ஒப்பந்தக்காரர்.

இதைத் தலைவருக்குப் புரியவைக்க எங்கள் ஊர் ரயில்தான் கைகொடுத்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை ஒரு காலத்தில் அவிசாவளையைத் தாண்டி இரத்தினபுரி, ஓப்பநாயக்க வரை ஓடியது. எட்டியாந்தோட்டைக்கும் ஒரு கிளை வந்தது. அது இரண்டரை அடிக் குறும்பாதை. நாட்டின் பிரதான பாதையெல்லாம் ஐந்தரை அடி. மற்றப் பாதையில் எவ்வளவு சொகுசான பெட்டி ஓடினாலும் அது மருதானையோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்; குறும்பாதையில் ஏறாது. தொண்ணூறுகளில் அவிசாவளை வரைக்கும் தண்டவாளத்தை அகலமாக்கினார்கள். அதற்கு இந்தப் பக்கம் இருந்ததை முன்னமே கழற்றிவிட்டார்கள். எக்ஸ்பி குறும்பாதை. யாரும் வந்து அகலமாக்கப்போவதில்லை. தலைவர் யோசித்துவிட்டு, "அப்ப சின்னப் பொட்டியாப் பாத்து வாங்கணும்" என்றார். இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு கணினிப் பொறியியலாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சின்னப் பெட்டி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்தது. பெருவிரல் அளவு பிளாஸ்டிக். ஸ்பீக்கருக்குப் பச்சை ஓட்டை, மைக்குக்கு ரோசா ஓட்டை. விலை, பெரிய பெட்டியைச் சுற்றியிருந்த மட்டைக்குக்கூடக் காணாது. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் செருகினால் தன் குலத்தை ஒளிக்காமல் சொல்லிவிடும்: ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும் தயாரித்தவர் எண் ஒன்று உண்டு, இதனுடையது 'சைபர் டி எட்டு சி'. சி மீடியா என்ற தைவான் கம்பெனியின் சில்லு. முதலாம் ஒப்பந்தக்காரர். நம்ம சாதி சனம்.

செருகினோம். பலூன் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சதுரப் பெட்டி வந்தது. யூஎஸ்பிஆடியோ.சிஸ் என்ற கோப்பைக் காணவில்லை, விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 சீடியைப் போடவும்.

உள்ளேயே இருக்க வேண்டிய கோப்பு எப்படிக் காணாமல் போனது? எக்ஸ்பி தன் ட்ரைவர்களையெல்லாம் பொட்டலமாகக் கட்டி, 'ட்ரைவர் கேச்' என்ற கூடையில் போட்டு ஒரு மூலையில் வைத்திருக்கும். தேவைப்படும்போது சத்தமில்லாமல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். யாரோ புண்ணியவான் சினிமாப் படம் போட இடம் காணவில்லை என்று அந்தக் கூடையைக் கொட்டிவிட்டிருந்தார். கொட்டி எடுத்த இடத்தில் இருந்தது ஒரு பாதிப் படம். மீதிப் பாதியைக் காணவில்லை.

இனிச் சீடி. கணினியை அன்பளிப்பாகத் தந்தவர்கள் கூடவே அசல் சீடியும் தந்திருந்தார்கள். அலுமாரியில் உறை இருந்தது. சீடி இல்லை. விசாரித்தோம். ஒரு சிரமதானத்தில் பழைய பேப்பர், ஓட்டைச் சீடி எல்லாம் வெளியே போனதாகத் தகவல். யார் எடுத்தார்கள்? லயம் லயமாகக் கேட்டதில், கீழ் லயத்துக் கடைசிக் காம்பராக்காரர் பெயர் வந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தி. கம்புக்குக் கம்பு நூல் கட்டி, நூலில் சீடி. குருவி விரட்ட.

அத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் தனியாக மின்னிக்கொண்டு சுழன்றது. அசல் எக்ஸ்பி சீடியில் முகம் முழுக்க ஹொலோகிராம். பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும். போலிச் சீடிக்காரர்கள் அதைப் பார்த்துப் பயப்படவேண்டும் என்று செய்தது. எங்கள் ஊர்க் குருவிகளும் பயந்தன. பாத்திக்காரர், "இதுதான் சேர் ராசியான சீடி, இதத் தொங்கவிட்ட பொறகு ஒரு குருவி வரல. கழட்டித் தரமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றார். மாற்றுச் சீடி தருவதாகப் பேச்சு வார்த்தை நடத்தினோம். வாசிகசாலை லாச்சியில் ஒரு கல்யாண வீடியோ இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் இப்போது முகம் பார்ப்பதில்லை. குருவியாவது பார்க்கட்டும் என்று அதைக் கொடுத்து எக்ஸ்பியை மீட்டோம்.

வெயிலும் மழையும் பட்ட சீடி. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னார் ஒருவர். பற்பசை நல்லது என்றார் இன்னொருவர். பூசாரி திருநீறு நீட்டினார். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துப் போட்டேன். சீடி ட்ரைவ் ஏற்றத்தில் ஏறும் லொறியைப் போல உறுமியது, இறங்கியது, மறுபடி உறுமியது. பொட்டலக் கோப்பில் பாதி வந்ததும் வாசிக்க முடியவில்லை என்று கையை விரித்தது. எலுமிச்சம்பழம் வெட்டிப் பார்க்கலாமா என்று பூசாரி கேட்டபோது, உண்மையைச் சொன்னால், நான் மறுக்கவில்லை.

முடிவில் டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்காரர் காப்பாற்றினார். கடவுச்சீட்டுப் படம் வெட்டும் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடுகிறது என்பதால் அவரிடமும் ஒரு பழைய பெட்டி. அதே சர்வீஸ் பேக் 2. கூடை நிரம்பியிருந்தது. பென்ட்ரைவில் அள்ளிக்கொண்டு வந்து செருகினால், உள்ளே கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக உருமாறி நிற்கின்றன. எக்ஸ்பி காலத்து வைரஸ். ட்ரைவர் கேட்டோம், விருந்தாளியும் வந்துவிட்டார். மறைந்திருந்த அசல் கோப்புறையைத் தேடி எடுத்து, விருந்தாளியை வழியனுப்ப ஒரு பொழுது போயிற்று. அதை விரிவாகச் சொன்னால் உங்களுக்கும் தொற்றும்.

சத்தம் வந்தது! அம்பிளிபயரில் மாரியம்மன் பாட்டு. கைதட்டல். பூசாரி தன் எலுமிச்சம்பழத்தை எல்லோருக்கும் காட்டினார்.

அடுத்த நாள் காலை சத்தம் இல்லை. இரவில் யாரோ பென்ட்ரைவ் செருகுவதற்காகப் பெருவிரலைப் பிடுங்கி, பிறகு பக்கத்து ஓட்டையில் மாட்டியிருக்கிறார்கள். இந்த மலிவுக் கருவிகளுக்குத் தொடர் எண் கிடையாது. தொடர் எண் இல்லாததை ஓட்டை மாற்றிச் செருகினால் எக்ஸ்பி அதைப் புது ஆள் என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து பதிவு செய்யும். பழைய பதிவையும் அழிக்காது. நாங்கள் பாட்டுப் பதியும் ஓடாசிட்டி, போன ஓட்டைக்காரனுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். கறுப்புச் சன்னலைத் திறந்து ஒரு நீண்ட கட்டளையை அடித்தால், இப்போது மாட்டியிராத சாதனங்களும் மங்கலான நிறத்தில் பட்டியலில் தெரியும். கணினிக்காரர்கள் இவற்றைப் பேய்ச் சாதனங்கள் என்கிறார்கள். பார்த்தேன். எங்கள் பெருவிரல் வரிசையாக நின்றது. மருமகனின் ஸ்டூடியோப் பெட்டி, என்றோ இறந்த பிரிண்டர், யாருடையதோ கமரா, எல்லாம் மங்கலாக. தோட்டத்தில் பேய்க்குக் குறைவில்லை, ஆனால் வலது பக்கம் சொடுக்கி நீக்கக்கூடிய பேயை அன்றுதான் கண்டோம். பூசாரிக்கு இந்த வசதி பிடிக்கவில்லை.

பேய் ஓட்டியபின் அம்மாயியை அழைத்து வந்து மைக்குக்கு முன் உட்காரவைத்தோம். பாடத் தொடங்கு முன் ஹெட்போனை அவர் காதில் வைத்தோம். கேட்டுவிட்டு, "உள்ளுக்க சில்வண்டு இருக்கா ராசா?" என்றார்.

இருந்தது. யூஎஸ்பி ஒலியை மில்லிசெக்கனுக்கு ஒரு பொட்டலமாக அனுப்புகிறது. செக்கனுக்கு 1,000 பொட்டலம். மலிவுக் கருவியில் அந்தத் துடிப்பு மைக் வழியில் கசிந்தால் 1,000 ஹெர்ட்ஸில் கீச்சென்று கேட்கும். அதற்குக் கீழே தம்புரா மாதிரி இன்னொரு இரைச்சல். அது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட். வாசிகசாலை பிளக்கில் ஏர்த் என்ற மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்கு மட்டுமே வைக்கப்பட்டது. கோயில் அம்பிளிபயர் வயரைக் கழற்றியதும் தம்புரா நின்றது. மைக் வயரைக் குட்டையாக்கி, கணினிப் பெட்டியைவிட்டுத் தள்ளி வைத்ததும் சில்வண்டு முக்கால்வாசி அடங்கியது. மீதிக் கால்வாசிக்கு அம்மாயியே தீர்வு சொன்னார்: "நான் சத்தமாப் பாடுறேன், அது வாய மூடிக்கும்."

சரி, எல்லாம் தயார். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். மழை பிடித்தது.

இரத்தினபுரி மாவட்டத் தலைநகரில் வருசத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. எங்கள் பக்கமும் அதற்குச் சளைத்ததல்ல. வாசிகசாலைக் கூரை தகரம். தகரத்தில் சப்ரகமுவை மழை விழும் சத்தத்துக்கு இன்றுவரை எந்தக் கம்பெனியும் ட்ரைவர் எழுதவில்லை. மழை இல்லாத நாளில் பதியலாம் என்றால், கூடப் பின்பாட்டுப் பாடவேண்டிய பெண்கள் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். மழை நாளில்தான் வெட்டு இல்லை. அவர்கள் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்குத்தான் கூரை பாடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்து லயத்தில் சடங்கு, அதற்கொரு பாட்டு செட். இப்போதைக்குக் கிடைத்த வழி, வெட்டு முடிந்து பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவதற்கும் மத்தியான மழை தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம். அதற்குள் தேத்தண்ணி குடித்து, ஊர் வம்பு பேசி, மிச்சத்தில் பாட்டு. பதிவுகளில் ஊர் வம்பும் சேர்ந்திருக்கிறது. அழிக்கவில்லை, அதுவும் ஒருநாள் யாருக்காவது ஆராய்ச்சிக்கு உதவும்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு: ட்ரைவர் சீடியோடு வரும் விலைகூடிய பெட்டி வேண்டாம், சீடி இல்லாமல் வரும் சின்னதே எக்ஸ்பிக்குப் போதும். அதை ஒரே ஓட்டையில் மாட்டி, பிடுங்குபவர் கையில் தட்டுங்கள். ட்ரைவர் கூடையை வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். பாட்டைப் பதிந்த கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள்; எக்ஸ்பிக்கு இப்போது காவலுக்கு ஆளில்லை.

எட்டியாந்தோட்டை, தெகியோவிட்ட, தெரணியகலை, காவத்தை, இறக்குவானைப் பக்கம் மரக்கறிப் பாத்தி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் சீடி பாதியோடு நின்றுவிட்டது. எங்கள் கணினி இன்னொரு முறை படுத்தால் எழுப்ப வழியில்லை. உங்கள் பாத்தியில் நிறம் மாறி மின்னும் சீடி ஏதாவது சுழன்றால் ஒருதரம் நிறுத்திப் பெயரை வாசித்துப் பாருங்கள். எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 2 என்று இருந்தால் கழற்றித் தாருங்கள். மாற்றுச் சீடி தரப்படும். எங்கள் லாச்சியில் இன்னும் சில கல்யாணங்கள் இருக்கின்றன.